பார்பரா வூட்ஹவுஸ்

பார்பரா வூட்ஹவுஸ் (மே 9, 1910 – ஜூலை 9, 1988) அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த நாய்ப் பயிற்சியாளரும் எழுத்தாளரும் ஆவார். நாயின் கீழ்ப்படியாமைக்கு அதை வளர்ப்பவரின் பழக்கங்களே பெரும்பாலும் காரணம் என்னும் கருத்தைத் தொலைக்காட்சி வழியாகப் பரப்பினார். எனினும் அவர் கையாண்ட கழுத்துச் சங்கிலி முறை பிற்காலத்தில் கடுமையான விமர்சனத்திற்கு உள்ளானது.

வாழ்க்கை

டப்ளினை அடுத்த புனித கொலம்பா கல்லூரி வளாகத்தில் பிறந்தார். அப்பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த தந்தை, பார்பராவின் சிறுவயதிலேயே காலமானார். பின்னர் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. ஹார்ப்பர் ஆடம்ஸ் வேளாண்மைக் கல்லூரியில் பயின்ற இவர், 1930களில் அர்ஜென்டினாவில் குதிரைகளைப் பழக்கினார். 1940இல் மைக்கேல் வூட்ஹவுஸ் என்னும் மருத்துவரை மணந்தார். இவர் வளர்த்த ஜூனோ என்னும் கிரேட் டேன் இன நாய் திரைப்படங்களில் நடித்தது. 1980இல், தமது எழுபதாம் வயதில், பிபிசி ஒளிபரப்பிய நாய்ப் பயிற்சித் தொடர் இவரைப் பெரும்புகழ் பெறச் செய்தது. நாயை உலாவுக்கு அழைக்க இவர் பயன்படுத்திய வாக்கீஸ் என்னும் சொல் பிரித்தானியாவெங்கும் பரவியது.

பயிற்சி முறை

இவரது வகுப்புகளில் நாயைவிட உரிமையாளரே அதிகம் திருத்தப்பட்டார். கட்டளை சுருக்கமாகவும் ஒரே சொல்லாகவும் இருத்தல், குரலில் தெளிவு, கீழ்ப்படிந்தவுடன் மனமாரப் பாராட்டுதல் ஆகியவை இவர் வலியுறுத்தியவை. நாய் தவறும்போது கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சட்டென இழுத்து உடனே தளர்த்துவது இவரது முறையின் மற்றொரு கூறு.

விமர்சனமும் பிற்கால மாற்றமும்

சங்கிலி கழுத்தில் காயம் ஏற்படுத்தலாம் என்பதும், அச்சத்தால் பணியும் நாய் பின்னர் கடிக்கக்கூடும் என்பதும் முதன்மையான எதிர்ப்புகள். நாய்க்குட்டிகளிடம் இதன் விளைவு இன்னும் பெரிது. மூன்று முதல் பன்னிரண்டு வாரங்கள் வரையிலான பருவத்திலேயே குட்டி மனிதர்களையும் சூழலையும் எளிதில் ஏற்கப் பழகுகிறது என்பதை ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அப்பருவத்தில் ஏற்படும் அச்சம் நெடுங்காலம் நிலைக்கக்கூடும்.

இன்று புதிய குட்டியை வீட்டில் பழக்குவோர் தண்டனையைத் தவிர்த்து, உணவையும் பாராட்டையும் பரிசாக அளிக்கின்றனர். உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடியதும் குட்டியை வெளியே அழைத்துச் சென்று, அது உரிய இடத்தில் கழித்த அக்கணமே பரிசளிப்பது வழக்கம். வீட்டினுள் கழித்ததற்காக அடிபட்ட குட்டி இடத்தைக் கற்பதில்லை. ஆள் காணாதவாறு மறைவில் கழிக்கவே கற்கிறது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையும் பரிசு சார்ந்த பயிற்சியையே பரிந்துரைத்தது.

வூட்ஹவுஸின் சங்கிலி கைவிடப்பட்டபோதிலும், முதலில் பயிற்சி பெறவேண்டியவர் வளர்ப்பவரே என்னும் அவரது கொள்கை இன்றைய குட்டிப் பயிற்சி வகுப்புகளிலும் நிலைத்துள்ளது. வீட்டில் ஒருவர் தாவலை ரசித்து, மற்றொருவர் அதற்கே கடிந்துகொண்டால், குழப்பம் குட்டியினுடையது, தவறு வீட்டாருடையது.