ஒரு கோல்கீப்பரின் கடைசி டைவ்... ஜான் தாம்சன் கதை தெரியுமா?

டிவியிலோ, போனிலோ ஃபுட்பால் மேட்ச் பார்க்குறீங்க. இரண்டு பேர் தலையோடு தலை மோதிக் கீழே விழுகிறார்கள். அடுத்த நொடி ரெஃப்ரீ விசில் ஊதி, கையை அசைத்து டாக்டரைக் கூப்பிடுகிறார். பையோடு ஓடி வருகிறார்கள். ஸ்ட்ரெச்சர் ரெடி. பெஞ்சில் இன்னொரு பிளேயர் வார்ம் அப் பண்ண ஆரம்பித்துவிடுகிறார். இதெல்லாம் ரொம்ப சாதாரணமா இருக்கு, இல்லையா?

ஆனா, ஒரு காலத்தில் இதில் பாதிகூட கிடையாது. அந்தக் காலத்தில் விளையாடி, 22 வயதில் மைதானத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட ஒருவரின் கதைதான் இது. பெயர் ஜான் தாம்சன். ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி கோல்கீப்பர். அவர் இறந்து 90 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. செல்டிக் ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

சுரங்கத்திலிருந்து வந்த பையன்

1909 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் பிறந்தார் தாம்சன். வளர்ந்தது கார்டென்டென் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். அந்த ஊரில் பையன்கள் பள்ளியை விட்டால் அடுத்த இடம் சுரங்கம்தான். 14 வயதில் இவரும் பூமிக்கு அடியில் வேலைக்கு இறங்கினார். மேலே வந்தால் கையில் பந்து.

உயரம் 5 அடி 9 அங்குலம்தான். இன்றைய கோல்கீப்பர்களோடு நிற்க வைத்தால் குள்ளமாகத் தெரிவார். ஆனால், ஸ்பிரிங் மாதிரி எம்புவார். பந்து யார் காலடியில் இருந்தாலும் பாய்ந்துவிடுவார். வேறொரு கோல்கீப்பரைப் பார்க்க வந்த செல்டிக் ஆள், எதிர்ப்பக்கம் நின்ற இவரைப் பார்த்து மனசு மாறிவிட்டார் என்று சொல்வார்கள். 1926-ல், 17 வயதில், வெறும் 10 பவுண்டுக்கு செல்டிக் அணி அவரை எடுத்தது. 1927 பிப்ரவரியில் முதல் மேட்ச். அதே சீசனில் ஸ்காட்டிஷ் கோப்பையும் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 18.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். கிளாஸ்கோ நகரத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டும் வெறும் ஃபுட்பால் அணிகள் இல்லை. செல்டிக் என்றால் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்களின் அணி. ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டன்ட்களின் அணி. தாம்சன் புராட்டஸ்டன்ட். ஆனால், நின்றதோ செல்டிக் கோலில். அந்த ரசிகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கிட்டத்தட்ட ஐந்து சீசனில் 188 ஆட்டங்கள். ஸ்காட்லாந்துக்காக 4 சர்வதேச ஆட்டங்கள். அதில் ஒன்று, 1931-ல் இங்கிலாந்தை 2-0 என்று ஜெயித்த மேட்ச். ஒரு கோல்கூட விடவில்லை.

அம்மா பயந்தது

பாய்ந்து விழும் ஸ்டைலுக்கு ஒரு விலை இருந்தது. 1930 பிப்ரவரியில் ஏர்ட்ரி அணியோடு நடந்த ஆட்டத்தில் அப்படித்தான் பாய்ந்தார். தாடை உடைந்தது, விலா எலும்பு முறிந்தது, காறை எலும்பில் அடி, இரண்டு பல் போச்சு. இத்தனையும் ஒரே மேட்ச்சில்.

வீட்டில் அம்மா போதும் என்று கெஞ்சினார். இந்த விளையாட்டே வேண்டாம், விட்டுவிடு என்றார். எந்த அம்மாதான் சொல்லமாட்டார்? தாம்சன் கேட்கவில்லை. குணமானதும் மறுபடி கோலில் போய் நின்றார். மறுபடி காலடியில் பாய்ந்தார். 1931-ல் இரண்டாவது முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையைத் தொட்டார்.

1931 செப்டம்பர் 5

சனிக்கிழமை. ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானம். சுமார் 80,000 பேர். இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடம். ரேஞ்சர்ஸின் இளம் ஸ்ட்ரைக்கர் சாம் இங்கிலிஷ் பந்தோடு தனியாக கோலை நோக்கி ஓடி வந்தார். தாம்சன் வெளியே ஓடி வந்து அவர் காலடியில் பாய்ந்தார். பந்து கோலுக்கு வெளியே போய்விட்டது. ஆனால், தாம்சனின் தலை, சாமின் முழங்காலில் மோதியிருந்தது.

தாம்சன் எழவில்லை. ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் சாம் இங்கிலிஷ்தான். தானும் நொண்டிக்கொண்டே உதவிக்குக் கையசைத்தார். கோலுக்குப் பின்னால் இருந்த ரேஞ்சர்ஸ் ரசிகர்களில் சிலருக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. கத்திக்கொண்டிருந்தார்கள். ரேஞ்சர்ஸ் கேப்டன் டேவி மைக்கல்ஜான் அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அந்தக் கூட்டம் அப்படியே அமைதியானது.

ஆட்டம் நின்றது. தலையில் கட்டுப் போட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அப்புறம்?

அப்புறம் ஆட்டம் மறுபடி தொடங்கியது.

அன்றைய நடைமுறை அவ்வளவுதான். அடிபட்டவரை வெளியே கொண்டுபோக வேண்டும், மீதிப் பேர் ஆட வேண்டும். சப்ஸ்டிட்யூட் கிடையாது. நடுக்களத்தில் ஆடும் சிக் கீட்டன்ஸ், கோல்கீப்பர் ஜெர்சியை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். செல்டிக் பத்துப் பேரோடு ஆடியது. 0-0. ரெஃப்ரீயைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்தது ஒரு விசில். அதை ஊதினார். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் யோசித்து வைக்கவில்லை.

விக்டோரியா மருத்துவமனையில் டாக்டர்கள் பார்த்தபோது மண்டை ஓடு உள்நோக்கி நொறுங்கியிருந்தது. மூளையில் ஏறிய அழுத்தத்தைக் குறைக்க அவசர அறுவை சிகிச்சை செய்தார்கள். பலனில்லை. இரவு 9.25-க்கு ஜான் தாம்சன் இறந்துபோனார்.

நடந்தே வந்தவர்கள்

அடக்கம் சொந்த ஊரில். கிளாஸ்கோவிலிருந்து கார்டென்டென் சுமார் 55 மைல், அதாவது கிட்டத்தட்ட 88 கிலோமீட்டர். உலகமே பொருளாதார மந்தத்தில் இருந்த காலம். வேலை இல்லை. ரயில் டிக்கெட் எடுக்கக் காசில்லாத பலர் நடந்தே போனார்கள். அந்தச் சின்ன சுரங்க ஊரில் அன்று சுமார் 30,000 பேர் கூடியதாகச் சொல்கிறார்கள். செல்டிக் ரசிகர்களோடு ரேஞ்சர்ஸ் ரசிகர்களும் நின்றார்கள்.

விசாரணை நடந்தது. அது விபத்துதான் என்று முடிவானது. தாம்சன் குடும்பமும் சாம்மீது பழி சொல்லவில்லை. ஆனால் செல்டிக் மேனேஜர் வில்லி மேலி, அது விபத்தாகவே இருக்கும் என்று நம்புகிறேன் என்கிற மாதிரி விசாரணையில் இழுத்துச் சொன்னது, சாமைக் கடைசி வரை துரத்தியது. அந்த சீசனில் சாம் லீக்கில் 44 கோல் அடித்தார். ரேஞ்சர்ஸில் ஒரு லீக் சீசனில் அதுதான் சாதனை. ஆனா, போன மைதானத்தில் எல்லாம் எதிரணி ரசிகர்கள் கிண்டல் செய்தார்கள். 1933-ல் ஸ்காட்லாந்தை விட்டு லிவர்பூலுக்குப் போய்விட்டார். 1938-ல் ஃபுட்பாலையே விட்டார். யோசிச்சுப் பாருங்க, அந்த மோதலில் இரண்டு பேர் வாழ்க்கை போனது. ஒருவர் உயிரோடு இருந்தார், அவ்வளவுதான்.

75 வருஷம் கழித்து, அதே முழங்கால்

ஃபுட்பால் ரொம்ப மெதுவாகத்தான் பாடம் படித்தது. இங்கிலாந்து லீக்கில் சப்ஸ்டிட்யூட் வந்தது 1965-ல். அதுவும் முதலில் அடிபட்டவருக்குப் பதிலாக மட்டும். உலகக் கோப்பையில் 1970-ல்தான்.

2006 அக்டோபர் 14. ரெடிங் - செல்சி மேட்ச். முதல் நிமிடத்திலேயே செல்சி கோல்கீப்பர் பீட்டர் செக் தலையில் எதிரணி வீரரின் முழங்கால் மோதியது. தாம்சனுக்கு வந்த அதே காயம், மண்டை ஓடு உள்நோக்கி உடைந்தது. செக் பிழைத்தார். சில மாதங்களில் தலையில் கறுப்புப் பாதுகாப்புக் கவசத்தோடு திரும்பி வந்தார். ரிட்டயர் ஆகும் வரை அதைக் கழற்றவில்லை. அந்தக் கவசத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. அவரை எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று பெரிய சண்டையே நடந்தது. அதற்குப் பிறகு பிரீமியர் லீக்கில் மைதான மருத்துவ ஏற்பாடுகள் கடுமையாகின.

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ மேட்ச்சில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று சுருண்டு விழுந்தார். ரெஃப்ரீ ஆன்டனி டெய்லர் சில நொடிகளில் விசில் ஊதி டாக்டர்களை உள்ளே அழைத்தார். மைதானத்திலேயே மின்அதிர்ச்சி கொடுத்து இதயத்தைத் திரும்பத் துடிக்க வைத்தார்கள். எரிக்சன் மீண்டும் ஆட வந்தார். ஆனா, அன்றும் ஒரு உறுத்தல் இருந்தது. அவர் கண் விழித்தார் என்ற செய்தி வந்ததும், அன்று இரவே மேட்ச் தொடர்ந்தது. கலங்கிப் போயிருந்த டென்மார்க் வீரர்களை ஆட வைத்திருக்கலாமா என்று இன்னும் பேசுகிறார்கள். 1931-ல் எழுந்த கேள்வி முழுசாகப் போய்விடவில்லை.

இன்றைய விதி என்ன? காயம் பெரிது என்று ரெஃப்ரீ நினைத்தால் பந்து எங்கே இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்தலாம். தலையில் அடி என்றால் டாக்டர் சோதித்துப் பார்க்க ஐரோப்பியப் போட்டிகளில் மூன்று நிமிடம் வரை நேரம் உண்டு. தொடரலாமா என்பதை டாக்டர் சொல்வார், பிளேயரோ கோச்சோ இல்லை. தலைக்காயத்துக்கு என்று தனி சப்ஸ்டிட்யூட் வைத்துக்கொள்ளவும் 2024-லிருந்து விதிப்புத்தகம் அனுமதிக்கிறது. வழக்கமான மாற்று வீரர் கணக்கில் அது சேராது. அதனால் பிளேயரைத் தூக்கினால் ஒரு ஆள் குறையுமே என்று கோச் தயங்க வேண்டியதில்லை.

டர்ஃபில் ஆடுற உங்களுக்கு

வாரக் கடைசியில் நண்பர்களோடு டர்ஃப் புக் பண்ணி ஆடுறீங்களா? அங்கே ரெஃப்ரீயும் இல்லை, டாக்டரும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டியாச்சு, நேரம் ஓடுதுன்னு எல்லாருக்கும் அவசரம். ஒருத்தன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒண்ணுமில்ல எழுந்திருடா என்று சொல்வதுதான் நம்ம பழக்கம்.

அந்த நேரத்தில் ஆட்டத்தை நிறுத்துங்க. தலையில் அடிபட்டவனை அன்றைக்கு மறுபடி இறக்காதீங்க. வாந்தி, மயக்கம், தலைவலி, பேச்சில் குழப்பம்... எது இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. கழுத்தில் வலி என்றால் இழுத்துத் தூக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. 108 போதும்.

அன்றைக்கு ஐப்ராக்ஸில் விதிப்புத்தகம் எதுவும் சொல்லாமலேயே இரண்டு பேர் சரியானதைச் செய்தார்கள். மோதியவரே உதவிக்குக் கையசைத்தார். எதிரணி கேப்டன் தன் ரசிகர்களையே அடக்கினார். இந்த இரண்டையும் செய்ய விசில்கூட வேண்டியதில்லை.