கணக்கறிந்த முதுபெருந்தலைவர் தாதாபாய் நௌரோஜி

பம்பாய்க் கோட்டைப் பகுதியில் விக்டோரியா ரயில் நிலையம் என்று முன்னாளில் வழங்கிய நிலையத்திலிருந்து ஃபுளோரா நீரூற்றை நோக்கிச் செல்லும் பெருவீதிக்கு ஹார்ன்பி ரோடு என்ற பழம்பெயர் நீங்கித் தாதாபாய் நௌரோஜியின் திருப்பெயர் வழங்கி வருகிறது. நீரூற்றின் அருகே அப்பெருமகனாரின் சிலையும் அமர்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இடம் பெற்ற இந்தியர், மும்முறை காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர், முதுபெருங்கிழவர் என்று நாடு முழுதும் கொண்டாடிய தலைவர் என்பன நம் இளைஞர்கள் பள்ளிப் பாடத்தில் அறிந்த செய்திகளே. ஆயினும் அவர் தம் நெடிய வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டது மேடைகளில் அன்று. அரசாங்க அறிக்கைகளின் பின்னிணைப்புகளில். சர்க்கார் அச்சிட்ட எண்களைக் கொண்டே சர்க்காரின் கூற்றை மறுத்த அந்த அரிய பணியை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

1825-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், பார்ஸி குருக்கள் மரபில், வறிய குடும்பம் ஒன்றில் தாதாபாய் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். கல்வி கற்றறியாத அன்னை மாணிக்பாய், மறுமணம் பற்றி எண்ணாது, ஒரே மகனை ஆளாக்குவதையே தம் வாழ்வாகக் கொண்டார். சம்பளம் இல்லாத பள்ளியில் படிக்கும் வாய்ப்பு அன்று கிடைத்திராவிட்டால் இந்த வரலாறே இல்லை. பொதுமக்கள் பணத்தில் தாம் படித்தோம், ஆகவே தம் அறிவு பொதுமக்களுக்கே உரியது என்ற எண்ணம் இளமையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. எல்பின்ஸ்டன் கல்விக்கழகத்தில் கணிதத்திலும் இயற்கைப் பொருள் நூலிலும் தேர்ச்சி பெற்று, அங்கேயே அத்துறைகளுக்குப் பேராசிரியராகவும் உயர்ந்தார். அக்கழகத்தில் இந்தியர் ஒருவர் அத்தகைய பதவியில் அமர்ந்தது அதுவே முதன்முறை.

1855-இல் காமா குழுமத்தின் வாணிகப் பங்காளியாக இங்கிலாந்து சென்றார். சில ஆண்டுகளில் அதனை விட்டு விலகி, 1859-இல் தம் பெயரிலேயே பருத்தி வாணிகம் தொடங்கினார். இடையே லண்டன் பல்கலைக் கல்லூரியில் குஜராத்தி மொழிப் பேராசிரியராகவும் விளங்கினார். கணித ஆசிரியரின் கூர்மையும், வரவு செலவுப் பேரேட்டை நாள்தோறும் சரிபார்க்கும் வணிகரின் பழக்கமும் ஒருங்கே அமைந்த ஒருவர் இந்தியாவைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினால் என்ன நேரும்? அதுவே நேர்ந்தது.

அக்காலத்தில் இந்தியாவின் முன்னேற்றத்தைப் பற்றி ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் அறிக்கை ஒன்று வைக்கப்பட்டு வந்தது. ஏற்றுமதி வளர்கிறது, இருப்புப்பாதை நீள்கிறது, வரி வருமானம் பெருகுகிறது, வெள்ளி வந்து குவிகிறது, ஆகவே இந்தியா செழிக்கிறது என்பதே அதன் போக்கு. எண்கள் பொய்யல்ல. கோடிக்கணக்கில் பெரிய தொகைகளைக் கண்ட ஆங்கில வாசகர்களும் அவற்றை ஐயுறவில்லை. ஆனால் 1866-இல் ஒரிஸாவில் பெரும் பஞ்சம் வந்து மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். செழிக்கும் நாட்டில் இது எங்ஙனம் நிகழ்ந்தது? அவ்வாண்டிலேயே லண்டனில் கிழக்கிந்தியச் சங்கத்தை நிறுவிய தாதாபாய் இவ்வினாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் செய்த முதற்காரியம் மிக எளியது. பெருந்தொகையைக் கண்டு மலைக்காமல், அதனைத் தலைக்கு எவ்வளவு என்று வகுத்தார். நாட்டில் ஓராண்டில் விளைவது எவ்வளவு, அதை உண்ணும் வாய்கள் எத்தனை? வியப்பாவது, இந்த எளிய வகுத்தலை அதுவரை எந்த அதிகாரியும் முறையாகச் செய்து வெளியிடவில்லை. மாகாணந்தோறும் வெளிவந்த நிருவாக அறிக்கைகளில் சாகுபடி நிலப்பரப்பு, ஏக்கர் விளைச்சல், தானிய விலை ஆகியன இருந்தன. அவற்றைத் தொகுக்கப் புகுந்தபோதுதான் பெரியதோர் ஓட்டை அவர் கண்ணில் பட்டது.

அதிகாரிகள் சராசரி எடுத்த முறையே அந்த ஓட்டை. ஒரு மாகாணத்து ஜில்லாக்களின் விலைகளையெல்லாம் கூட்டி, ஜில்லாக்களின் எண்ணிக்கையால் வகுத்து, இதுவே மாகாணத்தின் சராசரி விலை என்று எழுதி வந்தனர். இதில் உள்ள பிழையை விளக்க நாமே ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜில்லாவில் 9 இலட்சம் மணங்கு அரிசி விளைகிறது. மணங்கு ஒரு ரூபாய் விலை. மற்றொரு மலைப்பாங்கான ஜில்லாவில் 1 இலட்சம் மணங்கே விளைகிறது. பஞ்சம் காரணமாக மணங்கு 4 ரூபாய். இரு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி இரண்டரை ரூபாய். விளைந்த 10 இலட்சம் மணங்கின் மதிப்பு 25 இலட்சம் ரூபாய் ஆகிறது. உண்மையில் அதன் மதிப்போ 13 இலட்சம்தான். வயலில் ஒரு மணியும் கூடுதலாக விளையாமலே 12 இலட்சம் ரூபாய்ச் செல்வம் காகிதத்தில் விளைந்துவிட்டது! மத்திய மாகாணத்து அரிசிக் கணக்கில் இத்தகைய பிழை விலையிலும் ஏக்கர் விளைச்சலிலும் ஒருங்கே புகுந்திருப்பதைத் தாதாபாய் எடுத்துக் காட்டினார். ஜில்லாவுக்கு ஜில்லா உள்ள நிலப்பரப்பையும் விளைவையும் எடையாகக் கொண்டு அவர் திருத்திப் போட்ட சராசரிகள் வெகுவாகக் குறைந்தன. யாரும் வேண்டுமென்றே பொய் எழுதினர் என்று அவர் குற்றம் சாட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குமாஸ்தாவின் கூட்டல் சரியாகவே இருந்தது. கூட்டக் கூடாதவற்றைக் கூட்டியதே தவறு.

இவ்வாறு திருத்திய எண்களைக் கொண்டு 1867 முதல் 1870 வரையான ஆண்டுகளுக்கு அவர் ஒரு மதிப்பீடு செய்தார். விளைவில் விதைக்காக நூற்றுக்கு ஆறு கழித்தார். உப்பு, அபினி, நிலக்கரி, வாணிக இலாபம், கைத்தொழில், பால், இறைச்சி, மீன் ஆகியவற்றைச் சேர்த்தார். தம் கணக்கில் விட்டுப்போனவை இருக்கலாம் என்று 30 கோடி ரூபாயைத் தாராளமாக மேலும் கூட்டினார். எதிர்வாதி கேட்கும் முன்னரே இவ்வளவையும் கொடுத்த பிறகும் மொத்தம் 340 கோடி ரூபாய்தான் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள் 17 கோடி. ஆகவே ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20 ரூபாய்! மாகாண வாரியாகப் பார்த்தால் பம்பாய்க்கு 32, பஞ்சாபுக்கு 20, சென்னைக்கும் மத்திய மாகாணத்துக்கும் 18, வங்காளத்துக்கு 15, வடமேற்கு மாகாணத்துக்கு 14.

இருபது ரூபாய் போதுமா, போதாதா என்பது அடுத்த வினா. தம் ஊகத்தைச் சொன்னால் ஒருவரும் ஏற்கமாட்டார் என்பதை அவர் அறிவார். எனவே அளவுகோலையும் சர்க்காரிடமிருந்தே வாங்கினார். சிறைக் கைதிகளின் உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவை அறிக்கைகளிலிருந்து எடுத்து அருகருகே நிறுத்தினார். பஞ்சாபில் கைதி ஒருவனுக்கு ஆண்டுக்கு 27 ரூபாய் 3 அணா. வங்காளத்தில் 31 ரூபாய் 11 அணா. பம்பாயில் 47 ரூபாய் 7 அணா. நம் சென்னை மாகாணத்திலோ 53 ரூபாய் 2 அணா; வெளியே நேர்மையாக உழைக்கும் குடிமகனின் பங்கோ அதே மாகாணத்தில் 18 ரூபாய். குற்றவாளிக்குச் சர்க்கார் இன்றியமையாதது என்று கருதிக் கொடுத்த சோறும் துணியும் குற்றமற்றவனுக்கு எட்டாத பொருளாயின. எத்தனையோ மேடைப் பேச்சுகளால் சொல்ல முடியாததை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிட்டன என்பது நம் கருத்து.

இத்துடன் அவர் நிற்கவில்லை. இருபது ரூபாய் என்பதும் ஒரு சராசரிதானே! ஜமீன்தாரும், வணிகரும், உயர் சம்பள அதிகாரியும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு உழவனுக்கும் கூலியாளுக்கும் எஞ்சுவது அதனினும் குறைவு என்பதைத் தாமே எடுத்துரைத்தார். பிறர் சராசரியில் குறை கண்டவர் தம் சராசரியின் குறையையும் மறைக்கவில்லை.

ஏற்றுமதிக் கணக்கை அவர் படித்த முறையும் இத்தகையதே. ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சுவது நலத்தின் அறிகுறி என்று அதிகாரிகள் கூறி வந்தனர். வணிகராகிய தாதாபாய் கேட்டதோ, மிகுந்த சரக்குக்கு விலை எங்கே என்பது. கடையிலிருந்து நூறு ரூபாய்ச் சரக்கு வெளியே சென்று எண்பது ரூபாய்ச் சரக்கே உள்ளே வந்தால் அது இலாபம் ஆகுமா? எஞ்சிய இருபது கடனாகவேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவின் பேரேட்டில் அதுவும் இல்லை. அது லண்டனில் ஓய்வூதியமாகவும், சம்பளச் சேமிப்பாகவும், வட்டியாகவும், இந்தியா மந்திரி அலுவலகச் செலவாகவும் கரைந்தது. திரும்பி வராத இந்த ஒழுக்கையே அவர் செல்வ வடிகால் என்று உலகறியச் செய்தார். ஏற்றுமதிக் கோட்டை ஒரு தாளில் வரைந்தால் அது ஆண்டுக்கு ஆண்டு ஏறித்தான் தோன்றும். அதன் கீழே மற்றொரு கோட்டையும் வரையாதவரை அந்த ஏற்றம் செழிப்பாகவே கண்ணுக்குப் படும்.

1873-இல் இந்திய நிதி பற்றி ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவின் முன் இக்கணக்குகளை வைத்தார். குழு பெற்றுக்கொண்டது, அறிக்கையோடு சேர்த்து அச்சிடவில்லை. பின்னர் 1876-இல் பம்பாயில் கிழக்கிந்தியச் சங்கக் கிளையின் முன் இந்தியாவின் வறுமை பற்றிய கட்டுரையாக அவற்றைப் படித்தார். அதே ஆண்டில்தான் தென்னாட்டில் பருவமழை பொய்த்து, நம் பாட்டிமார் கதைகளிலும் கும்மிப் பாட்டுகளிலும் நிலைத்துவிட்ட தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. 18 ரூபாய்க் கணக்கு எதனைக் குறித்தது என்பதற்கு அதைவிடக் கொடிய விளக்கம் வேண்டியதில்லை.

1880-இல் பஞ்சாப் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பயிர் பயிராக, ஜில்லா ஜில்லாவாகக் கணக்கிட்டு இந்தியா மந்திரி அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கும் தலைக்கு ஏறக்குறைய 20 ரூபாயே வந்தது. சாதாரணக் கூலியாளின் கட்டாயத் தேவைக்கோ 34 ரூபாய் வேண்டியிருந்தது. அலுவலகத்தைச் சேர்ந்த டான்வர்ஸ் என்பார் இதனை மறுத்து எழுதினார். இருப்புப்பாதை ஈட்டும் செல்வத்தைச் சேர்க்கவில்லை என்பது அவர் வாதங்களுள் ஒன்று. பஞ்சாபுக் கோதுமை பம்பாய்க்கு வந்து விலை ஏறுவதால் கோதுமை ஒரு மணியும் பெருகுவதில்லை என்று தாதாபாய் விடையிறுத்தார். இந்த ஓர் இடத்தில் இன்றைய பொருளியலார் அவரோடு உடன்படமாட்டார்கள். போக்குவரத்து, வாணிகம், மருத்துவம், ஆசிரியப்பணி முதலிய சேவைகளையும் வருமானமாகக் கொள்வதே இன்றைய முறை. அவர் கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டுமே செல்வமாக எண்ணினார்; அந்த அளவில் அவர் தொகை குறைந்தே நின்றது. எனினும் உண்பதற்கு எவ்வளவு இருந்தது என்பதுதான் அவர் எழுப்பிய வினா. அதற்கு அவர் கணக்கு பொருத்தமானதே.

சர்க்காரும் வாளாவிருக்க முடியவில்லை. 1882-இல் நிதி அங்கத்தினர் ஈவ்லின் பேரிங், தலைக்கு 27 ரூபாய் என்று ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். அந்த எண் எப்படி வந்தது, விவரங்களைத் தாருங்கள் என்று தாதாபாய் கேட்டார், விவரங்கள் கொடுக்கப்படவில்லை. தம் கணக்கின் ஒவ்வொரு படியையும் எவரும் சரிபார்க்குமாறு அச்சிட்டவர் ஒரு பக்கம்; விடையை மட்டும் காட்டி வழியை மறைத்தவர் மறுபக்கம். 1901-இல் கர்சன் பிரபு 30 ரூபாய் என்று உயர்த்திக் கூறியபோதும், எண்ணைக் காட்டுமுன் அதை ஈன்ற கணக்கைக் காட்ட வேண்டும் என்பதே தாதாபாயின் வழக்கு. 27 என்றே கொண்டாலும் அது வறுமைதான் அன்றோ?

அவர் வாழ்வின் மற்ற நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவை. 1874-இல் பரோடா திவான் பதவியேற்று அடுத்த ஆண்டே அதனைத் துறந்தார். 1892-இல் லண்டன் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் விரல்விட்டு எண்ணத்தக்க வாக்குகள் மிகுதியாகப் பெற்றுப் பாராளுமன்றம் புகுந்தார். 1895-இல் இந்தியச் செலவினங்களை ஆராய வெல்பி கமிஷன் அமைந்தபோது அதில் அங்கத்தினரானதோடு, அதன் முன் சாட்சியமும் அளித்தார். நம் தமிழகத்திலிருந்து சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1897-இல் கடல் கடந்து சென்று அக்கமிஷன் முன் சாட்சி சொன்னார் என்பதை நாம் பெருமிதத்தோடு நினைக்கலாம். 1901-இல் தாதாபாயின் கணக்குகள் எல்லாம் ஒரே பெருநூலாகத் தொகுக்கப்பட்டு லண்டனில் வெளிவந்தன. 1906-இல் கல்கத்தா காங்கிரஸில், 81 வயதில், சுயராஜ்யமே குறிக்கோள் என்று அறிவித்தார். 1917-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் பம்பாயில் மறைந்தார்.

விடுதலை பெற்ற இந்திய அரசாங்கம் 1949-இல் மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழுவை அமைத்தது. காட்கிலும் வி. கே. ஆர். வி. ராவும் அதன் அங்கத்தினர்கள். தாதாபாய் தனியொருவராய்ப் பழைய அறிக்கைகளிலிருந்து திரட்டிய கணக்கை, அவர் விட்டுவிட்ட சேவைகளையும் சேர்த்து, கையாண்ட முறைகளையும் பிழை நேரக்கூடிய இடங்களையும் விளக்கி, அக்குழு தன் அறிக்கைகளில் அச்சிட்டு வெளியிட்டது.