யார் இந்த ரிச்சர்ட் காசல்? வெள்ளை மாளிகைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவின் வெள்ளை மாளிகைக்கு முன்மாதிரின்னு சொல்லப்படுவது டப்ளினில் இருக்கும் லெய்ன்ஸ்டர் ஹவுஸ். அதை வடிவமைத்தவர்தான் ரிச்சர்ட் காசல்.

ஜெர்மனியிலிருந்து அயர்லாந்து வந்த இவர், டப்ளின் நாடாளுமன்றக் கட்டடப் பணியில் எட்வர்ட் லவெட் பியர்ஸுக்கு உதவியாளராக இருந்தார். 1733-ல் பியர்ஸ் இளம் வயதிலேயே இறந்துபோக, பெரிய வேலைகளெல்லாம் காசலைத் தேடி வந்தன. பவர்ஸ்கோர்ட், ரஸ்பரோ, கார்டன் என பிரபுக்களின் கிராமத்து மாளிகைகள் வரிசையாக எழுந்தன.

1751-ல் கார்டன் மாளிகையில் தங்கியிருந்தபோது திடீரென உயிரிழந்தார். லெய்ன்ஸ்டர் ஹவுஸ் தச்சருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம்!

1974-ல் பவர்ஸ்கோர்ட் தீக்கிரையானது. ஆனால் லெய்ன்ஸ்டர் ஹவுஸ் கம்பீரமாக நிற்கிறது. பியர்ஸ் கட்டிய நாடாளுமன்றம் வங்கியாகிவிட, காசல் ஒரு பிரபுவுக்காகக் கட்டிய வீட்டில்தான் இன்று அயர்லாந்து நாடாளுமன்றம் கூடுது.