கோட்டக்கல் தந்த வைத்தியரத்தினம்

கோயிலால் பெயர் பெற்ற ஊர்கள் பாரதத்தில் பல உண்டு. மருந்தால் பெயர் பெற்ற ஊர்கள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது, கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல். சாமூதிரி அரச மரபின் ஒரு கிளையான கிழக்கே கோவிலகத்தாரின் இருப்பிடமாக விளங்கிய இச்சிற்றூர், இன்று உலகெங்கிலுமிருந்து நோயாளிகள் நாடி வரும் ஆயுர்வேத நகரமாகத் திகழ்கிறது. இம்மாற்றத்திற்கு வித்திட்டவர் பி. எஸ். வாரியர் என்று அழைக்கப்பட்ட பன்னியின்பள்ளி சங்குண்ணி வாரியர்.

இளமையும் கல்வியும்

1869-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் அவர் பிறந்தார். அப்போது கோட்டக்கல் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. கோயில்களில் மாலை தொடுத்தல் முதலிய திருப்பணிகளைப் பரம்பரையாகச் செய்துவந்த வாரியர் குலம் அவருடையது. கேரளத்து மருத்துவத்தின் தூண்களாக விளங்கிய அஷ்டவைத்தியர் மரபில் வந்த குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸ்ஸிடம் குருகுல முறையில் தங்கி ஆயுர்வேதம் பயின்றார்.

பின்னர் ஒரு கண் நோய் அவரை மஞ்சேரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது. அங்கு டாக்டர் வர்கீஸிடம் சிகிச்சை பெற்றவர், அவரிடமே மாணவராக அமர்ந்து மேலைநாட்டு மருத்துவத்தையும் கற்றார். சொந்த சாஸ்திரத்தில் தேர்ச்சி பெற்ற ஒருவர் வேறொரு முறையைப் பணிவுடன் கற்க முன்வந்தது அக்காலத்தில் அரிய செயல். அங்கு பெற்ற அறிவை அவர் ஆயுர்வேதத்தை வளர்க்கவே பயன்படுத்தினார்.

மருந்தைத் தேடி அலைந்த காலம்

அந்நாளில் வைத்தியர் நாடி பார்த்து, தேவையான மூலிகைகளைக் குறித்துக் கொடுப்பார். அவற்றைத் தேடிச் சேர்த்து, இடித்து, வற்றக் காய்ச்சிக் கஷாயமாக்குவது நோயாளியின் வீட்டார் பொறுப்பு. ஒரு மூலிகை கிடைக்காமற் போனாலும், ஒன்றிற்குப் பதில் மற்றொன்று சேர்ந்தாலும் மருந்தின் பயன் குன்றும். காய்ச்சிய கஷாயமும் நெடுநாள் தங்காது. ஏழைக்கும் வெளியூர்ப் பயணிக்கும் இம்மருத்துவம் எட்டாமலே போயிற்று. ஆங்கில மருந்தோ புட்டியில் ஆயத்தமாகக் கிடைத்தது. மக்கள் அந்தப் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

வாரியர் குறையின் வேரைக் கண்டார். 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கினார். சாஸ்திர முறை வழுவாமல் மருந்துகளைத் தயாரித்து, கெடாதவாறு பக்குவப்படுத்தி, உடனே உட்கொள்ளத்தக்க நிலையில் வழங்கினார். மருந்துகளின் பயனை எவரும் அறியும் வண்ணம் சிகித்சா சங்கிரகம் என்ற கையேட்டையும் வெளியிட்டார்.

மறைபொருள் பொதுவுடைமையாயிற்று

மருத்துவ அறிவு சில குடும்பங்களுக்குள் மறைபொருளாக அடங்கிக் கிடப்பது அந்த அறிவுக்கே கேடு என்று அவர் உணர்ந்திருந்தார். 1903-இல் தன்வந்தரி என்ற மலையாள மருத்துவ இதழைத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். 1917-இல் கோழிக்கோட்டில் ஆரிய வைத்திய பாடசாலையை நிறுவினார். அது 1924-இல் கோட்டக்கல்லுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில் ஏழைகளுக்கென தர்ம மருத்துவமனையும் தோன்றியது. உடற்கூற்றில் புதிய அறிவையும் பழைய நூல்களையும் இணைத்து வடமொழியில் அஷ்டாங்க சாரீரம், பிருகத் சாரீரம் என்னும் நூல்களை இயற்றினார்.

கலவரத்தில் நின்ற கருணை

1921-இல் மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி மூண்டது. அண்டை வீட்டாரை அண்டை வீட்டார் அஞ்சிய நாட்கள் அவை. அஞ்சி வந்தோருக்கு இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி அடைக்கலமும் உணவும் அளித்தார் வாரியர். அவரது இல்லமான கைலாச மந்திரத்தின் முகப்பில் மும்மதச் சின்னங்களும் இடம் பெற்றிருப்பது அவருடைய உள்ளத்தைக் காட்டும்.

அவர் கலைகளின் புரவலரும் ஆவார். நாடகக் குழு ஒன்றை நடத்தினார்; 1939-இல் கதகளிக்கென அமைத்த குழு இன்று பி. எஸ். வி. நாட்டிய சங்கம் என்று புகழ் பெற்றுள்ளது. 1933-இல் ஆங்கில அரசு அவருக்கு வைத்தியரத்தினம் என்ற பட்டம் வழங்கியது.

விட்டுச் சென்ற செல்வம்

ஈட்டிய பெருஞ்செல்வத்தை அவர் தமதென்று கருதவில்லை. 1939-இல் எழுதிய உயிலின்படி வைத்திய சாலையை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். உறவினரை மறவாமல் அவர்களுக்கும் வழி செய்து, தர்ம மருத்துவமனையும் கல்வியும் கலையும் அதன் வருவாயால் தொடர்ந்து நடக்க ஏற்பாடு செய்தார். 1944-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவரது மருமகன் பி. மாதவ வாரியர் அப்பொறுப்பை ஏற்றார். 1953-இல் விமான விபத்தில் அவர் மறைந்தபின், இளையவரான பி. கே. வாரியர் நூறு வயதில் 2021-இல் மறையும் வரை அதனை வளர்த்தார். கொச்சியிலும் தில்லியிலும் கூட இன்று அதன் மருத்துவமனைகள் இயங்குகின்றன.

மறைத்து வைத்த வித்தை மறைத்தவரோடு மறையும்; பகிர்ந்த வித்தை தலைமுறைகளைத் தாங்கும். முன்னோரின் அறிவைப் போற்றுவோர், அதனைக் காலத்திற்கேற்பப் பக்குவப்படுத்தி எளியவர் கைக்கு எட்டச் செய்தால், அதுவே அம்முன்னோர்க்குச் செய்யும் உண்மையான வழிபாடாகும். ஒரு மனிதரின் வாழ்வும் ஓர் ஊரின் வரலாறும் இவ்வுண்மையை நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றன.