சான்று கேட்டுக் காப்பியம் படித்தவர்

தேர்வில் ஒரு பாத்திரத்தின் பண்புநலனை விளக்குக என்று கேட்டால், வீரன், கொடியவன், நன்றி மறவாதவன் என்று அடைமொழிகளை அடுக்கி விடுகிறோம். அதற்கு நூலில் எங்கே சான்று என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நூலையே சான்றாக வைத்துப் பாத்திரங்களை எடைபோடும் முறையைக் கம்பனிடத்தில் விரிவாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் வ.வே.சு. ஐயர். அப்பெரியாரின் வாழ்வை இங்குச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஐயர் பிறந்தார். வழக்கறிஞர் தொழில் செய்தார், இரங்கூன் சென்றார், பாரிஸ்டர் படிப்புக்காக 1907இல் லண்டன் சேர்ந்தார். அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு பழகிப் புரட்சி வழியில் ஈடுபட்டார். படிப்பு முடிந்தும், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி அளிக்க மறுத்துப் பட்டத்தைத் துறந்தார். காவலர் கண்ணில் படாமல் தப்பி, 1910இல் புதுச்சேரி வந்தடைந்தார்.

பாரதியாரும் அரவிந்தரும் வாழ்ந்த அவ்வூரில் பத்தாண்டுகள் கழிந்தன. குளத்தங்கரை அரசமரம் என்ற புகழ்பெற்ற சிறுகதை அக்காலத்தது. அவர் செய்த திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1916இல் வெளிவந்தது. 1920இல் தமிழகம் திரும்பித் தேசபக்தன் இதழின் ஆசிரியரானார். அதில் வந்த கட்டுரைக்காக இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றுப் பெல்லாரி சென்றார். கம்பராமாயண ஆய்வு என்னும் அவருடைய ஆங்கில நூல் அச்சிறையில் எழுதப்பட்டதுதான். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்தே, 1950இல், அது அச்சேறியது.

நீதிமன்றத்தை விட்டுவந்த ஐயர், நீதிமன்ற முறையை விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கம்பனின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்து, வான்மீகி, ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரின் காப்பியங்களோடு ஒப்பிட்டார்.

இவ்வழியை நான் கும்பகருணனிடம் பொருத்திப் பார்த்தேன். செஞ்சோற்றுக்கடன் தீர்த்தவன் என்ற ஒரு தொடரால் அவனை முடித்துவிடுவது நம் வழக்கம். கம்பன் காட்டுவதோ அதற்கும் மேல். சீதையை விட்டுவிடும்படி அண்ணனுக்கு அறிவுரை சொல்கிறான். களத்தில் வீடணன் வந்து அழைத்தபோது தான் வர மறுத்து, தம்பியை மட்டும் இராமனிடமே திருப்பி அனுப்புகிறான். மூக்கும் காதும் இழந்து சாகும் நேரத்தில் வீடணனைக் காக்கும்படியும், தன் தலையைக் கடலில் ஆழ்த்தும்படியும் பகைவனாகிய இராமனையே வேண்டுகிறான். இந்த இறுதி வேண்டுகோள் வான்மீகத்தில் இல்லை. அறம் எப்பக்கம் இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தே மறுபக்கம் நின்று மடிந்தவன் அவன் என்பது இம்மூன்று நிகழ்ச்சிகளால் விளங்கும். அவனுடைய நன்றியுணர்வு கண்மூடித்தனமானது என்று இதன்பின் யாரும் எழுத முடியாது.

கம்பனை வான்மீகியோடும் ஹோமரோடும் போட்டியிட வைத்து வெற்றி மாலை சூட்டுவதில் ஐயருக்குச் சற்று ஆர்வம் மிகுதி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சான்றுகளை நம் முன்னே வைத்துவிடுவதால், அவர் முடிவை ஏற்காதவரும் அச்சான்றுகளைக் கொண்டே வாதாடலாம்.

அவருடைய வாழ்வையும் இதே முறையில்தான் படிக்க வேண்டும். 1922இல் அவர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பின்னர்ச் சேரன்மாதேவியில் நடைபெற்றது. அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. பெற்றோர் விருப்பம் என்பது காரணம். பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரஸ் பணம் பெற்ற நிறுவனத்தில் பந்தி வேற்றுமையா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். வேடன் குகனைத் தம்பியாக ஏற்று, நால்வரோடு ஐவரானோம் என மகிழும் இராமனைப் படித்தவர் நடத்திய பள்ளியில் இது நிகழ்ந்தது. அவருடைய தியாகத்தை எடுத்துச் சொல்லி இதை மறைப்பதும் முறையன்று. இதை மட்டும் சொல்லித் தியாகத்தை மறப்பதும் முறையன்று.

அவ்வாண்டு ஜூன் மாதம் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரை நீரில் விழுந்தாள். காப்பாற்றப் பாய்ந்த ஐயரும் அவளோடு மாண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

மாணவ நண்பர்களே, அடுத்தமுறை ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதுமுன், உரைநூலை ஓரமாக வைத்துவிட்டு மூலத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். ஐயருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.