காந்தியடிகளின் மௌன விரதமும் ஆத்ம சோதனையும்

பிறர் குற்றங் காண்டல் எவர்க்கும் எளிது. தன் குற்றங் காண்டலோ அரிதினும் அரிது. அவ்வரிய செயலை ஒரு நித்திய நியமமாகக் கைக்கொண்டு, வாணாள் முழுவதும் வழுவாது நடத்திய பெரியார் மகாத்மா காந்தியடிகளாவர். அன்னாரது சரித்திரத்தில் இவ்வொரு பகுதியை மட்டும் எடுத்து நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் சுருக்கிக் கூற விரும்புகின்றோம்.

அடிகள் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரிற் பிறந்தார். பதினைந்தாம் பிராயத்தில், தமையனார் பட்ட கடனைத் தீர்க்கும்பொருட்டு அவரது கைக்காப்பினின்றும் சிறிது பொன்னைக் களவாடினார். அச்செயல் மனத்தை அறுக்கவே, குற்றத்தை ஒரு கடிதத்தில் எழுதி, தண்டனையையும் வேண்டி, நோயுற்றிருந்த தந்தையாரிடம் தம் கையாலேயே கொடுத்தார். தந்தையார் கண்ணீர் சொரிந்து அக்கடிதத்தைக் கிழித்தெறிந்தார். அன்று தொடங்கிய தற்சோதனை இறுதிவரை ஓயவில்லை.

ஜாதிச் சங்கத்தாராகிய நாம் சிறப்பாக அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1888-இல் அவர் கல்வியின் பொருட்டுச் சீமைக்குப் புறப்பட்டபோது, பம்பாயிலிருந்த அவர்தம் மோத் பனியா ஜாதித் தலைவர்கள் கூடி அவரை ஜாதிப்பிரஷ்டம் செய்தனர். வழியனுப்பச் செல்வோர்க்கும் உதவுவோர்க்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதமென்றும் விதித்தனர். திரும்பிவந்த பின்னரும் ஒரு பகுதியார் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரோ அவர்கள்மீது பகைமை பாராட்டினாரில்லை. உறவினர் மறைவாக உபசரிக்க முன்வந்தும், வெளிப்படையாகச் செய்யத் தகாததை ஒளிவிற் செய்தல் தகாதெனக் கருதி, மாமனார் மனையிலும் தமக்கையார் மனையிலும் தண்ணீரும் பருகாதிருந்தார்.

இளமையில் நாலு பேர் நடுவே எழுந்து பேசவும் கூசிய அவர்க்கு, அக்கூச்சமே சொற்களை அளந்து பேசும் நற்பழக்கமாய் முடிந்தது. 1895-இல் தென்னாப்பிரிக்காவில் மரியன்ஹில் என்னுமிடத்திலுள்ள டிராப்பிஸ்டுத் துறவியரின் மடத்தைக் கண்டு, அவர்தம் மௌன விரதத்தையும் உடலுழைப்பையும் வியந்து எழுதினார். பிற்காலத்தே வாரந்தோறும் திங்கட்கிழமையில் தாமும் மௌனம் அனுஷ்டித்தார். வேலைப் பளுவினின்றும் ஒரு நாள் ஓய்வு பெற்றுக் கடிதங்களை எழுதி முடித்தற்கெனத் தொடங்கிய அது, நாளடைவில் ஆன்ம சாதனமாயிற்று. அந்நாளில் இன்றியமையாதவற்றைக் காகிதத் துண்டுகளில் எழுதிக் காட்டுவார். 1947 ஜூன் 2-ஆம் நாள், தேசப் பிரிவினையைப் பற்றி மவுண்ட்பேட்டன் பிரபுவைக் கண்டபோதும் திங்கட்கிழமையாயிருந்தமையால், பழைய உறைகளின் பின்புறத்திலேயே விடை எழுதினார்.

மௌனம் வாயை அடைத்தல் மட்டுமன்று, கணக்குப் பார்த்தலுமாம். வணிகன் அந்தியில் வரவு செலவு பார்ப்பதுபோலச் சபர்மதி ஆசிரமத்தில் ஒவ்வொருவரும் தத்தம் வேலைக்குக் கணக்குக் காட்டுவர். மாலைப் பிரார்த்தனையில் பெயர் கூப்பிடப்படுங்கால், அன்று நூற்ற நூலின் அளவைத் தாமே சொல்லுதல் வேண்டும். நாட்குறிப்பு எழுதுதலையும் அடிகள் வற்புறுத்தினார். 1926-ஆம் ஆண்டு முழுவதையும் அரசியற் சுற்றுப்பிரயாணங்களின்றி ஆசிரமத்திலேயே பெரும்பாலும் கழித்தார்.

இச்சோதனையின் பயன் செயலிலே விளங்கிற்று. 1919-இல் சத்தியாக்கிரகத்திற் கலகம் விளைந்தபோது, மக்களைப் பக்குவப்படுத்துமுன் அழைத்தது தம் பிழையேயெனவும், அஃது இமயமலையளவு பெரிதெனவும் பலரறியக் கூறினார். 1915-இல் கோச்ரப் ஆசிரமத்தில் தீண்டாதாரெனப்பட்ட தூதாபாயின் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டபோது பொருளுதவி நின்றது. மனைவியார் கஸ்தூரிபாயும் முதலில் இசைந்தாரில்லை. எனினும் அடிகள் பின்வாங்கவில்லை. உள்ளத்திற் கண்ட நெறியை வாழ்விற் செலுத்தாவிடின் மௌனத்தாற் பயனில்லையன்றோ?

நம் நாட்டுப்புறத்திற்கும் இந்நெறி எட்டாததன்று. 1925-இல் ஸ்ரீ ராஜகோபாலாசாரியார் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். அடிகளும் அங்கு விஜயம் செய்தனர். கதர், தீண்டாமை யொழிப்பு, மதுவிலக்கு ஆகியன அங்கு நடந்த பணிகள். 1937 அக்டோபர் 1-ஆம் நாள் அவர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாக அமுலுக்கு வந்ததும் நம் சேலம் ஜில்லாவிலேயாம். மல்லசமுத்திரம் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே.

1948 ஜனவரி 30-ஆம் நாள் அடிகள் தில்லியில் பிரார்த்தனைக்குச் செல்லும் வழியிற் சுடப்பட்டு உயிர் நீத்தார். அவர் விட்டுச்சென்ற சாதனத்திற்கோ செலவுமில்லை, பெரும் படிப்பும் வேண்டுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் இயலாதார் அரை நாளேனும், அதுவும் இயலாதார் அதிகாலையில் ஒரு நாழிகையேனும் வாய்பேசாதிருக்கலாம். இரவிற் படுக்குமுன், இன்று யாரைச் சினந்தோம், யாருக்குரியதைக் கொடாதிருந்தோம், எதனை மறைத்தோம் என மூன்று வினாக்களை மட்டும் தமக்குத்தாமே கேட்டு ஒரு வரி எழுதிவைக்கலாம். வீட்டிற் பெரியோர் செய்யின் பிள்ளைகளுக்குத் தனியே போதிக்க வேண்டுவதில்லை.

தனி மனிதனுக்குரிய இச்சோதனை ஒரு சமூகத்திற்கும் உரியதே. நம் முன்னோர் பெருமை பேசுதற்குக் கூட்டங்கள் பல கூட்டுகின்றோம். நம் களத்தில் உழைப்பார்க்குக் கூலி நிறையக் கொடுத்தோமா, நம் கிணற்றடியில் எவரையேனும் விலக்கி நிறுத்தினோமா, நம் பெண்மக்கள் படிப்பை இடையில் நிறுத்தினோமா என்று ஆராய்தற்கு எத்தனை கூட்டங் கூட்டினோம்? விலக்கிவைத்த ஜாதியாரையும் வெறாது, தாம் எவரையும் விலக்காது வாழ்ந்த ஒருவரைப் போற்றுவோமாயின், அடுத்த மாதக் கூட்டத்தை முதற்கண் கால்மணி நேர மௌனத்தோடு தொடங்கி, அவ்வினாக்களுக்கு விடை தேடுவோமாக. அதுவே நம் சங்கத்திற்கு அணியாகும்.