ஸர் சி.வி. ராமனின் இன்னொரு ஆய்வுக்கூடம்

ஸர் சி.வி. ராமன் என்றதும் 1928 பிப்ரவரி 28-ம், 1930-ன் நோபல் பரிசும்தான் நம் நினைவுக்கு வரும். திருச்சியில் 1888 நவம்பர் 7-ந் தேதி சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் பிறந்த பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரியில் தங்கப் பதக்கம் பெற்று, 1907-லேயே கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகப் போய் அமர்ந்த கதை வாசக அன்பர்கள் பலருக்கும் மனப்பாடம். பெங்களூரில் அவர் வாழ்ந்த 37 ஆண்டுகளில் கல்லும் கிளிஞ்சலும் பொறுக்கிச் சேர்த்து ஒரு மியூஸியம் அமைத்தாரே, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

இதற்கு வித்து கல்கத்தாவிலேயே விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பௌபஜார் தெரு 210-ம் எண் கட்டடத்தில் டாக்டர் மஹேந்திரலால் ஸர்க்கார் 1876-ல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் இருந்தது. பொதுஜனங்களுக்குச் சொற்பொழிவு, பக்கத்திலேயே ஆய்வுக்கூடம் என்பதுதான் அவருடைய எண்ணம். ஸர்க்கார் 1904-ல் காலமானார். ஆய்வு செய்ய ஆளில்லாமல் கருவிகள் தூசி படிந்து கிடந்த இடத்தில் ராமன் நுழைந்தார். காலையில் ஆபீஸுக்கு முன், மாலையில் ஆபீஸுக்குப் பின், இதே வேலை. நம் மிருதங்கத்தின் நாதம் ஏன் மற்றத் தோல் வாத்தியங்களைப் போலன்றி ஸ்வரத்தோடு சேர்கிறது, வலந்தலையின் நடுவில் வைக்கும் கரணைக்கு அதில் என்ன பங்கு என்றெல்லாம் ஆராய்ந்தது அந்தக் கட்டடத்தில்தான்.

1933-ல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராக பெங்களூர் வந்தார். அங்கே நிர்வாகத் தகராறு மூண்டு 1937-ல் அப்பதவியை விட நேர்ந்தது. பேராசிரியராக மட்டும் 1948 வரை நீடித்தார். அந்த வம்புகள் நமக்கு வேண்டாம். முக்கியமானது, 1934-ல் அவர் இந்திய விஞ்ஞான அகாடமியைத் தொடங்கியதும், மைசூர் மகாராஜா அதற்கு 11 ஏக்கர் நிலம் வழங்கியதும். ஓய்வு பெற்றதும் அந்த நிலத்தில் எழுந்ததுதான் ராமன் ஆராய்ச்சி நிலையம். மின்சாரம் வருவதற்கு முன்பே, கண்ணாடி வைத்து வெயிலை அறைக்குள் திருப்பிவிட்டுப் பரிசோதனை நடத்தினார். அரசாங்கப் பணம் வாங்கினால் கணக்கும் அறிக்கையும் எழுதவேண்டும் என்று அதைத் தவிர்த்தார். பழைய மாணவர் ஒருவருடன் ரசாயனத் தொழில் நடத்தி, அதில் வந்ததை இங்கே கொட்டினார்.

மியூஸியம் என்றால் நமக்குக் கண்ணாடிப் பெட்டி, அதன்மேல் ஒரு சீட்டு. ராமனுக்கோ அது அலமாரியில் அடுக்கிய கேள்விகள். கிளிஞ்சலின் உட்புறம் ஏன் வானவில்லாக மின்னுகிறது? அதில் சாயம் ஏதுமில்லை. சுண்ணாம்புப் பொருள் மெல்லிய அடுக்குகளாகப் படிந்திருக்க, ஒவ்வோர் அடுக்கிலும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் நிறமாகிறது. பனங்காடையின் நீல இறகைப் பற்றி 1934-லேயே எழுதினார். அந்த நீலத்தில் சாயம் கிடையாது, இறகின் உள்ளமைப்பே அதைத் தருகிறது என்பது பின்னாளில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தது. ஓபல், லாப்ரடோரைட், சந்திரகாந்தக்கல், முத்து, பட்டாம்பூச்சி, வண்டு, பாடம் செய்த பறவைகள் என்று சேகரம் பெருகியது. ஓர் இருட்டறையில் சாதாரணக் கற்கள்போல் கிடப்பவை, புற ஊதா ஒளி பட்டதும் பச்சையும் சிவப்புமாக ஒளிரும். குழந்தைகள் அந்த அறையைவிட்டு நகரமாட்டார்கள்.

வைரத்தின்மேல் அவருக்கிருந்த மோகம் தனி. நகைக்கடைக்காரர் குறை என்று ஒதுக்குவது அவருக்குப் பாடம். எது நீலமாக ஒளிர்கிறது, எது ஒளிரவில்லை என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார். 1944-ல் அகாடமியின் சஞ்சிகையில் வைரத்துக்கென்றே ஒரு கட்டுரைத் தொகுதி வெளியாயிற்று. ஆனால் இங்கேதான் சறுக்கலும் நேர்ந்தது. படிகத்துள் அணுக்கள் அதிர்வதைப் பற்றி மாக்ஸ் பார்னுடன் அவர் நீண்ட காலம் மோதினார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய பார்னை 1935-ல் பெங்களூருக்கு அழைத்து, நிரந்தரப் பதவி வாங்கித்தரப் பாடுபட்டவரும் இதே ராமன்தான்! அவரும் மாணவர்களும் எடுத்த நிறமாலைப் படங்கள் அருமையானவை. ராமன் சொன்ன விளக்கம் நிற்கவில்லை, உலகம் பார்ன் பக்கம் போய்விட்டது. ராமன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணால் கண்டதை அளவுக்கு மீறி நம்பியதன் விலை அது என்பேன்.

முதுமையில் சக விஞ்ஞானிகளிடமிருந்து ஒதுங்கினாரே தவிர, பள்ளிப் பிள்ளைகளிடம் ஒதுங்கவில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 2-ந் தேதி நிலையத்தில் காந்தி நினைவுச் சொற்பொழிவு. 1968 டிசம்பர் 22-ல், எண்பது வயதில், ஆமதாபாத்தில் விக்ரம் சாராபாய் தொடங்கிய சமுதாய விஞ்ஞான மையத்துக்கான விழாவில், வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று பேசினார். நாட்டில் குழந்தைகளுக்கென எழுந்த முன்னோடி மையங்களில் அது ஒன்று.

1970 அக்டோபர் 2-ல் காதைப் பற்றியும் கேட்கும் திறனைப் பற்றியும் பேசியதுதான் அவரது கடைசிச் சொற்பொழிவு. நவம்பர் 21-ல் காலமானார். அவர் விருப்பப்படி நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அவ்விடத்தில் இன்று ஒரு மரம் நிற்கிறது. 1972-க்குப் பின் மத்திய அரசின் உதவியுடன் நிலையம் புது உருக்கொண்டது. மகன் ராதாகிருஷ்ணன் டைரக்டராகி, வானியல் முன்னுக்கு வந்தது. கற்கள் ஆராய்ச்சியிலிருந்து ஓய்வு பெற்றுக் காட்சிப் பொருளாயின.

அடுகோடி, கோரமங்களா பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு மேக்ரி சர்க்கிள் நகரின் மறுகோடி. போகிற வழியில் கஸ்தூர்பா ரோட்டில், 1962-ல் நேருஜி திறந்துவைத்த விஸ்வேஸ்வரய்யா மியூஸியம் இருக்கிறது. பெரும்பாலும் அங்கேயே இறங்கிவிடுகிறோம். பட்டனை அமுக்கினால் யந்திரம் சுழலும், பேரன் பேத்திகளுக்குக் குதூகலம்தான். ராமனிடத்தில் அமுக்குவதற்கு அதிகமில்லை, நின்று பார்க்கவேண்டும். வெளியூர் அன்பர்கள் பெங்களூர் வரும்போது, நிலையத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு குழந்தைகளுடன் செல்லலாம்.